பதற வேண்டாம் என்று எழுதியவளுக்கு

இன்று காலை உன்னைப் பார்த்தேன் என்று சொன்னால் சிரிப்பாய். பார்த்தேன்தான். பெங்களூர் வைட்ஃபீல்டில் ஒரு மருத்துவமனையின் கீழ்த்தளத்தில், ரத்தம் எடுக்கும் இடத்தில், முன்பின் தெரியாத ஒரு பெரியவரின் போன் திரையில்.

தைராய்டு பரிசோதனைக்குப் போயிருந்தேன். அந்த ஸ்பிரிட் வாசனை வந்ததுமே உன் ஞாபகம்தான். கடைசி மாதங்களில் உன் புடவையில்கூட அதுதான் அடித்தது. இப்போது எல்லாவற்றுக்கும் ஆப். பேர், வயது, என்ன மாத்திரை சாப்பிடுகிறோம், எப்போது சாப்பிட்டோம், எல்லாவற்றையும் நாமே அடித்துக் கொடுக்க வேண்டும். பக்கத்து நாற்காலியில் இருந்த பெரியவர் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு ஒற்றை விரலால் குத்திக்கொண்டிருந்தார். பாதியில் சிக்னல் போய்விட்டது. அவர் முகம் வெளுத்தது.

"ஏம்மா, எல்லாம் போச்சா? அரை மணி நேரமா அடிச்சிகினு கீறேன்."

நான் எட்டிப் பார்ப்பதற்குள் அவரே திரையைப் படித்தார். எழுத்துக் கூட்டி, வாய்விட்டு. "இணைப்பு இல்லை. பதற வேண்டாம். நீங்கள் எழுதியது எதுவும் அழியவில்லை." ஒரு நிமிஷம் யோசித்தார். "ஆங், எல்லாம் அப்டியே கீதாம்" என்று என்னிடம் சொல்லிவிட்டு, போனை மடியில் வைத்துச் சாய்ந்து உட்கார்ந்தார்.

உன் வரி அது. ஐந்து வருஷத்துக்கு முன்னால் அதை வெட்டிவிடச் சொல்லிக் குறிப்பு எழுதியவள் நான். வெட்டப்பட்ட வரி எப்படி இங்கே உயிரோடு இருக்கிறது என்று எனக்குப் புரியவில்லை. கையில் பஞ்சை அமுக்கிக்கொண்டு, மெட்ரோவில் வீடு வரும்வரை அதையே யோசித்துக்கொண்டு வந்தேன்.

நாம் சந்தித்ததும் வைட்ஃபீல்டில்தான். மொழிபெயர்ப்பு வேலைகளை வாங்கிப் பிரித்துக் கொடுக்கும் ஓர் ஏஜென்சி, வீட்டிலிருந்தே வேலை செய்கிற நம்மைப் போன்ற உதிரி ஆட்களை ஒரு நாள் பயிற்சிக்குக் கூப்பிட்டிருந்தது. மெட்ரோ அப்போது அந்தப் பக்கம் எட்டிப் பார்க்கவில்லை. பஸ் மாறி, வெயிலில் நொந்து வந்து சேர்ந்தேன். மதியம் எல்லோரும் கேன்டீனுக்குப் போக, டிபன் டப்பாவைத் திறந்தவர்கள் நாம் இரண்டு பேர்தான். உன் டப்பாவில் ராகிக் களியும் கருவாட்டுக் குழம்பும். ஏசி போட்ட கண்ணாடி அறையில் கருவாட்டைத் திறக்க ஒரு தைரியம் வேண்டும். நான் வாய் பிளந்து பார்த்ததைக் கவனித்துவிட்டாய்.

"இன்னா பாக்குற? எந்த ஊரு?"

வேலூர் என்றேன். அன்றிலிருந்து நான் உனக்கு வேலூர். கிட்டத்தட்ட ஒரே வயது நமக்கு. ஆனாலும் என் பேரைச் சொல்லி நீ ஒரு நாளும் கூப்பிட்டதில்லை.

நம் தொழிலுக்கு ஒரு பேர் சொல்லத் தெரியாமல் நாம் பட்ட பாட்டை நினைத்தால் இன்றும் சிரிப்பு வருகிறது. ஆஸ்டின் டவுனில் வீடு பார்க்கப் போனபோது வீட்டுச் சொந்தக்காரர் எந்த கம்பெனி என்று கேட்டார். வீட்டிலிருந்தே வேலை, கம்பெனி என்று ஒன்று கிடையாது என்றேன். "அப்ப வேலை இல்லைன்னு சொல்லுங்க" என்றார். உன்னிடம் வந்து புலம்பினேன். "மொழிபெயர்ப்புன்னு வாயத் தொறக்காத. ஐடின்னு சொல்லு. மடியில கம்ப்யூட்டர் கீதுல்ல? அப்ப ஐடிதான்" என்றாய். ஸ்ரீராம்புரத்தில் உன் சந்துக்காரர்களுக்கு நீ 'டைப் அடிக்கிறவ'. உன் வீட்டுக்காரருக்கு கார்ப்பரேஷனில் வேலை. அவருக்கு ஓர் அடையாள அட்டை உண்டு, ஞாயிற்றுக்கிழமை உண்டு, காய்ச்சல் வந்தால் லீவு உண்டு. நமக்கு இருந்தது ஒரு போன் மட்டும்தான்.

வேலை வருகிறது என்றால் எல்லோருக்கும் ஒரே நேரத்தில் வரும். யார் முதலில் 'ஏற்கிறேன்' என்று அமுக்குகிறார்களோ அவருக்கு. மூன்று முறை தவறவிட்டால் பட்டியலில் நம் பேர் கீழே இறங்கிவிடும். இறங்கியதை யாரும் சொல்ல மாட்டார்கள், வேலை குறைவதிலிருந்து நாமே தெரிந்துகொள்ள வேண்டும். அதனால் குளிக்கும்போது ஜன்னல் விளிம்பில் போன், கோயிலில் இடுப்பில் போன். உன் தங்கை முறைப் பெண்ணின் நலங்கில் இரண்டு கையிலும் மஞ்சளை வைத்துக்கொண்டு, போன் சத்தம் கேட்டதும் குனிந்து மூக்கால் அமுக்கினாயே, அதை என்னிடம் சொல்லிவிட்டு எப்படிச் சிரித்தாய்! மூக்கில் பட்ட மஞ்சளோடு அப்படியே உட்கார்ந்து நானூறு சொற்களை முடித்துக் கொடுத்ததாகச் சொன்னாய். நானும் சிரித்தேன். அதில் சிரிக்க எதுவும் இல்லை என்று இருவருக்குமே தெரியும்.

இன்னொரு ஏற்பாடும் இருந்தது. ஒருவர் மொழிபெயர்த்ததை இன்னொருவர் சரிபார்த்து மதிப்பெண் போட வேண்டும். எழுதியவர் பேர் திருத்துபவருக்குத் தெரியாது, திருத்துபவர் பேர் எழுதியவருக்குத் தெரியாது. தெரியாதாம்! பதினைந்து பேர் கொண்ட கூட்டத்தில் யார் எழுத்து யாருடையது என்று கண்டுபிடிக்க முடியாதா என்ன? ஒருமுறை பஸ்ஸில் வரும்போது நாம் ஒரு பேச்சு வைத்துக்கொண்டோம். உன் எழுத்து மாதிரி ஏதாவது எனக்கு வந்தால் 'நேரமில்லை' என்று திருப்பி அனுப்பிவிடுவேன். என்னுடையது உனக்கு வந்தால் நீயும் அப்படியே.

"ஒருத்திக்கு ஒருத்தி மார்க் போட்டுகினு இருந்தா அப்புறம் மூஞ்சில எப்படி முழிக்கிறது? ஆய்த்தா?" என்றாய். ஆயிற்று என்று கையில் அடித்துக் கொடுத்தேன்.

அந்தச் சமயத்தில்தான் நடை மாறத் தொடங்கியது. நாம் வேலைக்கு வந்தபோது 'தாங்கள்', 'செய்யவும்', 'அணுகவும்' என்று விறைப்பாக எழுதச் சொன்னார்கள். பிறகு 'நீங்கள்', 'செய்யுங்கள்' என்று இறங்கினார்கள். அப்புறம் ஒரு நாள் இன்று காலை பார்த்த இதே மருத்துவ ஆப்பின் கம்பெனியிலிருந்து புதிய நடைக் கையேடு வந்தது. பக்கத்து வீட்டுப் பிள்ளை பேசுவது போல எழுத வேண்டும்; ஆங்கிலச் சொல் இருந்தால் பரவாயில்லை, இருந்தால் நல்லது; ஆச்சரியக்குறியும் எமோஜி பொம்மைகளும் தாராளமாகப் போடலாம். எனக்கு அதில் பெரிய வருத்தம் இல்லை. என் அம்மாவுக்கு 'பரிசோதனை முடிவுகள் ஆயத்தம்' என்றால் ஒன்றும் புரியாது, 'ரிப்போர்ட் ரெடி' என்றால் புரியும். இன்றும் நான் அப்படித்தான் நினைக்கிறேன்.

நீ கொதித்தாய். எனக்கு அது வேடிக்கையாக இருந்தது. பேச்சில் உன்னைப் போல இழுத்துப் பேசுகிறவள் கிடையாது. எழுதும்போது மட்டும் கஞ்சி போட்ட வேட்டி மாதிரி ஒரு தமிழ். பேசுவது ஒன்று எழுதுவது ஒன்றா என்று உன் வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்து உன்னைச் சீண்டினேன். சுவரில் புத்தர் படம், அதற்குக் கீழே உன் அப்பாவின் போட்டோ. அந்தப் போட்டோவைக் காட்டித்தான் பதில் சொன்னாய்.

"எங்க நைனா முப்பது வருஷம் இந்த ஊரு சாக்கடைய வாரினாரு. தெருவுல எவனும் அவர 'நீங்க'ன்னு கூட கூப்ட்டதில்ல. யூனியன்லேருந்து வர்ற கடுதாசில மட்டும் 'தாங்கள் வருகை தர வேண்டும்'னு இருக்கும். அத மடிச்சி சட்டப் பையிலயே வச்சிகினு திரிவாரு. எழுத்துலதான், வேலூர், எங்களுக்கு மரியாத. அதையும் புடுங்கிட்டா எப்படி?"

கொஞ்ச நேரம் கழித்து, "அதுவும் சீக்காளி கிட்ட போயி எவனாச்சும் 'ஹாய்'னு சொல்வானா?" என்று கேட்டாய். நேரமாயிற்று என்று நான் எழுந்துவிட்டேன். அதற்கு முதல் நாள்தான் ஏஜென்சியின் ஒருங்கிணைப்பாளர் எனக்குப் போன் செய்து, இனி அந்த ஆப் வேலைக்குத் எழுதுவதற்குத் தமிழில் ஒரே ஒருவரைத்தான் வைத்துக்கொள்ளப் போகிறார்கள், அடுத்த மதிப்பெண்களைப் பார்த்து முடிவு செய்வார்கள் என்று சொல்லியிருந்தார். உனக்கும் அதைச் சொல்லியிருப்பார். நாம் இருவரும் அதைப் பற்றி ஒருவரிடம் ஒருவர் மூச்சு விடவில்லை.

அடுத்த வாரம் திருத்தச் சொல்லி ஒரு கோப்பு வந்தது. இரண்டாவது வரியிலேயே நீதான் என்று தெரிந்துவிட்டது. 'நேரமில்லை' என்று திருப்பி அனுப்ப ஒரு சொடுக்கு போதும். அடுப்பில் பால் பொங்கி வழிகிற வரைக்கும் திரையைப் பார்த்துக்கொண்டே நின்றேன். பிறகு அடுப்பை அணைத்துவிட்டு வந்து உட்கார்ந்து, திருத்தினேன்.

நாற்பத்திரண்டு திருத்தங்கள். ஒன்றுகூடப் பொய் இல்லை. கையேட்டைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, வரி வரியாகப் பார்த்து, 'பழைய நடை', 'மிக விறைப்பு', 'பேச்சு வழக்குக்கு மாற்றவும்' என்று குறித்தேன். யார் பார்த்தாலும் சரி என்றுதான் சொல்வார்கள். அந்தச் சரியைப் பிடித்துக்கொண்டுதான் இத்தனை வருஷம் ஓட்டினேன். 'தங்கள் பரிசோதனை முடிவுகள் வந்துள்ளன. மருத்துவரைச் சந்தித்த பின் படிப்பது நலம்' என்று நீ எழுதியிருந்ததை அடித்துவிட்டு, 'ஹாய்! உங்க ரிப்போர்ட் ரெடி! இப்பவே பாருங்க!' என்று போட்டேன். பக்கத்தில் பலூன் பொம்மை. நாற்பத்திரண்டாவதாக, இணைப்பு போனால் வருகிற வரி. ஆங்கிலத்தில் இணைப்பு இல்லை என்று மட்டும்தான் இருந்தது. பதற வேண்டாம் என்பதும் எதுவும் அழியவில்லை என்பதும் நீயாகச் சேர்த்தவை. 'மூலத்தில் இல்லாததை நீக்கவும்' என்று எழுதி, மதிப்பெண்ணைப் போட்டு அனுப்பினேன்.

வேலை எனக்கு வந்தது. உனக்கு அந்த ஆப்பிலிருந்து வருவது நின்றது, பிறகு மற்றவையும் மெல்லக் குறைந்தன. "வயசான தமிழாம் என்னுது, எவளோ சொல்லிட்டா" என்று போனில் சொல்லிச் சிரித்தாய். எவளோ என்றாய். நான் அடுத்த பேச்சுக்குத் தாவினேன். அப்புறம் நீ போனைப் பார்த்து வாக்கியங்களை வாசித்துப் பதிவு செய்து தருகிற வேலைக்குப் போனாய், கம்ப்யூட்டருக்குத் தமிழ் பழக்குகிற வேலை. சந்தில் சத்தம் என்று பீரோ கதவைத் திறந்து தலையைத் துணிகளுக்குள் விட்டுக்கொண்டு வாசிப்பாயாம். "மெஷினுக்காச்சும் மரியாதையா பேசக் கத்துக் குடுக்கிறேன்" என்றாய். அந்த மெஷின்தான் இப்போது எனக்கு முதல் வரைவு எழுதிக் கொடுக்கிறது. அது உளறுவதைத் துடைப்பதுதான் என் வேலை. பாதி நாள், எதையும் எழுதாமலேயே நாள் முடிந்துவிடுகிறது.

வயிற்று வலி என்று நீ சொன்னபோது வாயுவாக இருக்கும் என்றேன். ஸ்கேன் எடுத்த மறுநாள் மத்தியானம், உன் வீட்டில் டீ குடித்துக்கொண்டிருந்தபோதுதான் உன் போன் ஒலித்தது. பழக்கதோஷம், இருவரும் ஒன்றாகக் கையை நீட்டினோம். வேலை இல்லை. நீ படித்துக் காட்டினாய். 'ஹாய்! உங்க ரிப்போர்ட் ரெடி! இப்பவே பாருங்க!' பலூன்கள் திரையில் மேலே பறந்தன. இப்பவே பாருங்க என்றதால் நீயும் அப்போதே பார்த்தாய். பக்கத்தில் டாக்டர் இல்லை, உன் வீட்டுக்காரர் இல்லை, நான் மட்டும் இருந்தேன். ரிப்போர்ட் ஆங்கிலத்தில் இருந்தது. அதைப் படித்துச் சொல்ல உன்னிடமும் தமிழ் இருந்தது, என்னிடமும் இருந்தது.

கடைசியில் நீதான் பேசினாய். "பலூன் வுட்றாங்க பாரு வேலூர்." அவ்வளவுதான் சொன்னாய். என்னை நிமிர்ந்து பார்த்தாயா இல்லையா என்பதை எத்தனையோ முறை யோசித்துப் பார்த்திருக்கிறேன். ஞாபகம் இல்லை. நான் டீ டம்ளரைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

மருத்துவமனைக்கு வந்தபோதெல்லாம் இன்று சொல்லிவிட வேண்டும் என்று நினைத்துக்கொண்டுதான் வந்தேன். ஆரஞ்சை உரித்துக் கொடுப்பேன், நர்ஸ் வருவார், உன் வீட்டுக்காரர் வருவார், நேரம் போய்விடும். பொய். தனியாக இருந்த நேரங்களும் இருந்தன. ஒரு நாள் நீயே, "வேல வருதா? மொத்த ஆப்பும் நீதானே பாக்குற? நல்லா பாரு" என்றாய். நான் தலையாட்டினேன். எனக்குத் தைரியம் இல்லை, அவ்வளவுதான். கருவாட்டு டப்பாவைத் திறந்தவள் நீ.

உன்னைக் கூடத்தில் கிடத்தியிருந்தபோது, சந்துப் பெண்கள் நான் யார் என்று கேட்டார்கள். ஆபீஸ் சிநேகிதியா என்றார்கள். ஆபீஸே இல்லாத நமக்கு அது. ஆமாம் என்றேன். அலமாரியில் உன் போன் ஒலித்துக்கொண்டே இருந்தது. "இத நிறுத்தத் தெர்லம்மா" என்று உன் வீட்டுக்காரர் என்னிடம் கொடுத்தார். புதிய வேலை, முந்நூறு சொற்கள், ஏற்கிறீர்களா என்று கேட்டிருந்தார்கள். உன் போனை அணைத்தேன். அதே நேரத்தில் என் கைப்பையில் என் போனும் ஒலித்தது. எடுத்தேன், அமுக்கினேன். கை அமுக்கியது என்று சொல்லலாம், ஆனால் கை என்னுடையதுதானே. உன் காலடியில் நின்றுகொண்டு ஒரு வேலையை ஏற்றேன். இதையும் யாரிடமும் சொன்னதில்லை.

இன்று வீட்டுக்கு வந்ததும், இரண்டு நாளாகத் திறக்காமல் வைத்திருந்த கோப்பைத் திறந்தேன். ஆப்பில் இன்னும் ஒட்டிக்கொண்டிருக்கும் பழைய நடை வரிகளின் பட்டியல். சாயங்காலத்துக்குள் எல்லாவற்றையும் மாற்றிக் கொடுக்க வேண்டும். பதினேழாவது உன் வரி. மெஷின் ஏற்கெனவே மாற்று எழுதி வைத்திருந்தது: 'அச்சச்சோ! நெட் கட் ஆயிடுச்சு!' உன் வரி ஏன் அன்றே போகவில்லை என்று அதன் பழைய வரலாற்றைத் திறந்து பார்த்தேன். திருத்தியவருக்கு எழுதியவரின் பதிலைக் காட்டமாட்டார்கள். அது ஏஜென்சிக்கு மட்டும் போகும். இப்போது எல்லாம் என் பொறுப்பில் இருப்பதால் எனக்குத் திறந்தது.

நாற்பத்தொன்றுக்கு 'ஏற்கிறேன்' என்று கொடுத்திருந்தாய். ஒன்றைக்கூட மறுத்து வாதாடவில்லை. வாதாடியிருந்தால் மதிப்பெண் ஏறியிருக்கும். அந்த வேலை உன்னிடமே இருந்திருக்கும். நாற்பத்திரண்டாவதுக்கு மட்டும் விளக்கம் எழுதியிருந்தாய், ஏஜென்சியும் அந்த ஒன்றை விட்டுவைத்திருந்தது. அதை அப்படியே தருகிறேன்.

'மூலத்துல இல்லதான். சீக்காளிக்கு வேணும். இத மட்டும் வுட்டுடு வேலூர்.'

எழுத்தில் உன் பேச்சை அன்றுதான் முதல் தடவையாகப் பார்த்தேன். அன்று என்று எழுதிவிட்டேன், இன்றுதான். ஐந்து வருஷம் அது அங்கேயே கிடந்திருக்கிறது. தெரிந்தேதான் டீ கொடுத்தாய், தெரிந்தேதான் ஆரஞ்சை வாங்கிச் சாப்பிட்டாய். நீ திட்டியிருக்கலாம். மூஞ்சியில் முழிக்காதே என்று சொல்லியிருக்கலாம். எனக்கு அழுகை வரவில்லை, பயங்கர கோபம்தான் வந்தது, உன் மேல்தான் முதலில்.

மெஷினின் வரியை நீக்கிவிட்டு உன்னுடையதை அப்படியே விட்டேன். திரை காரணம் கேட்டது. 'இன்று காலை ஒரு பெரியவர் இதைப் படித்து நிம்மதியாக உட்கார்ந்தார். இதை மட்டும் விட்டுவிடுங்கள்' என்று எழுதி, கீழே என் பேரையும் போட்டேன். பேர் போடக் கூடாது என்பது விதி. இது இனி யாரோ ஒருவரிடம் திருத்தத்துக்குப் போகும். அவர் யாரென்று எனக்குத் தெரியாது. அவர் கையேட்டைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு பார்த்தால் வெட்டத்தான் வேண்டும். அது சரியாகவும் இருக்கும்.

என்னுடைய 'ஹாய்' வரி அந்தப் பட்டியலில் இல்லை. அதை மாற்ற வேண்டும் என்று யாருக்கும் தோன்றவில்லை. மாற்றச் சொல்லித் தனியாக ஒரு மடல் எழுதியிருக்கிறேன், பதில் வருமென்று நம்பிக்கை இல்லை.

இதை எழுதிக்கொண்டிருக்கும்போதே போன் ஒலித்தது. வேலை என்று நினைத்து எடுத்தேன். 'ஹாய்! உங்க ரிப்போர்ட் ரெடி! இப்பவே பாருங்க!' பலூன்கள் மேலே போயின. வெறும் தைராய்டுதான், ஒன்றும் இருக்காது. ஆனாலும் விரல் நகரவில்லை. நான் எழுதிய வரியை, அதைப் படிக்க வேண்டியவளாக இருந்து இப்போதுதான் படித்தேன். போனைக் கவிழ்த்து வைத்துவிட்டு, உன் வரியை அந்தப் பெரியவர் படித்தது போலவே எழுத்துக் கூட்டி, வாய்விட்டு ஒரு முறை சொன்னேன். இன்னொரு முறை சொல்லிவிட்டுத் திறக்கிறேன்.